ஆள் வரும் வரை

1

இந்த மாதத்து நேரப் பட்டியல் நேற்று வந்து சேர்ந்தது. அக்கா கோடு போட்ட நோட்டுத்தாளில் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புவாள். படத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரலும் தவறாமல் விழுந்திருக்கும். பதினேழாவது வரியில், "2.00 – 2.30, தம்பி சாமு, கனடா" என்று இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

கனடாவுக்கு வந்து இந்த டிசம்பரோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. வரி அலுவலகம், ஆஸ்பத்திரி, பஸ் டிப்போ என்று இங்கே என் பெயர் ஏறாத பட்டியல் இல்லை. அங்கெல்லாம் என் பெயரை முழுசாகச் சொல்ல முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நானும் கையைத் தூக்கி "நான்தான்" என்பேன். அந்தப் பட்டியல்களிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். அக்கா எழுதும் இந்த ஒரு வரியைக் காப்பாற்றத்தான் போன வருஷம் முழுக்கப் பாடுபட்டேன். வரி தப்பிவிட்டது. தப்பியது என்னுடைய சாமர்த்தியத்தால் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம். நூல் மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு மேல் மில் குடும்பங்கள்தான். அங்கே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சங்கிலி ஜெபம் நடக்கும். வெள்ளி சாயந்தரம் ஆறு மணியில் தொடங்கி சனி காலை ஆறு மணி வரைக்கும், ஆளுக்கு அரை மணி நேரம், இருபத்துநாலு பேர். அவரவர் வீட்டிலிருந்தபடியே, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

நடுச்சாமத்து அரை மணிகளுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதற்காகத்தான் எங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களைச் சேர்த்தார்கள். "நாங்க தூங்குத நேரம் ஒங்களுக்குப் பகல்தானலே. சும்மா வெளிச்சத்துல உக்காந்து ஜெபம் பண்ணுததுக்கு என்ன?" என்று அக்கா கேட்டாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஊர் தூங்கும் நேரத்தை நாங்கள் தாங்கிப் பிடிக்கிறோம் என்று எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவர் அக்காவின் வீட்டுக்காரர், தங்கராஜ் அத்தான். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் நூற்பு மிஷினில் நின்றவர். மில்லில் சங்கு ஊதினாலும் மாற்று ஆள் வராமல் மிஷினை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் இழை அறுந்துகொண்டே போகும், இணைக்க ஆள் இருக்காது. அந்தச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்பதால், வருகிற ஆள் பின்னாலிருந்து தோளைத் தொடுவார். அந்தத் தொடுகைக்கு "நான் வந்துட்டேன், நீ போ" என்று அர்த்தம். அது கிடைக்கும் வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

"ஜெபத்துக்கும் அதே சட்டம்தான்" என்றார் அத்தான். தோளைத் தொட முடியாது என்பதால் மிஸ்டு கால். முடிக்கிறவர் அடுத்தவருக்கு அடிப்பார். அடுத்தவர் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் ஆள் வந்தாச்சு. அடித்துக்கொண்டே ஓய்ந்துபோனால் ஆள் வரவில்லை. வரவில்லையென்றால் முன்னால் இருப்பவர் எழுந்திருக்கக் கூடாது.

எனக்கு முன்னால் ஒன்றரையிலிருந்து இரண்டு வரைக்கும் அக்கா. அத்தான் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் விழித்திருந்து சோறு போட்டுப் பழகியவள், அந்த நேரம் அவளுக்குத் தூக்கம் கிடையாது. எனக்குப் பின்னால் பிரிசில்லா. எங்கள் தெருப் பிள்ளை, அயர்லாந்தில் நர்ஸ்.

2

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடல் வழியாகத் திருநெல்வேலிக்குத் தனியார் பஸ் ஓட்டியவன். இங்கேயும் பஸ்தான் ஓட்டுகிறேன், டொராண்டோ பக்கத்தில் ஒரு நகரத்தில். இங்கிலீஷ் எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தந்ததல்ல, பஸ்ஸில் ஏறியவர்கள் சொல்லித்தந்தது. இன்றைக்கும் அவசரம் வந்தால் தமிழை அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவேன்.

கோடையில் ஊரின் இரவு இரண்டு மணி எனக்கு மாலை நாலரை. ஷிஃப்ட் நாலு மணிக்கு முடியும். டிப்போவில் நிற்கும் என் காருக்குள் உட்கார்ந்து ஜெபிப்பேன். முதல் சில மாதம் கண்ணை மூடி, யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதை மனசில் வைத்து, ஒழுங்காகத்தான் செய்தேன்.

அப்புறம் என்ன ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிய பாவம் எதுவும் இல்லை. ஜெபக் குறிப்பை வாசிக்கப் போனைத் திறந்தால் மேலே கிரிக்கெட் ஸ்கோர் நிற்கும். ஒரு பார்வைதானே என்று பார்ப்பேன். சின்னையா வாத்தியாரின் ஆபரேஷனுக்காக ஜெபிக்கத் தொடங்கும்போது, அவர் பேத்தி கல்யாணப் படம் வந்து விழும். படத்தைப் பார்த்தால் பந்தலைப் பார்ப்பேன், பந்தலைப் பார்த்தால் சாப்பாட்டு வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். வாத்தியார் ஆபரேஷன் மேஜையிலேயே கிடப்பார்.

பிரிசில்லாவுக்கு மிஸ்டு கால் அடிப்பதையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகச் சபைக் குழுவில் ஒரு கும்பிடும் கைப் படத்தைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். அந்தக் கை எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. காய்ச்சலா, கை. வேலை போயிற்றா, கை. மகன் பேசுவதில்லையா, இரண்டு கை. கூடவே "ஜெபிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. போட்ட அடுத்த நிமிஷம் மறந்துபோகும்.

என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோவிலுக்கு வருவதில்லை. நானும் என் மனைவி லீலாவும் கெஞ்சியும் பார்த்தோம், அதட்டியும் பார்த்தோம். ஒரு நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் நான் கை போட்டுக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ஆண்டிக்கு என்ன?"

"எந்த ஆண்டி?"

"இப்பதானே 'ஜெபிக்கிறேன்'னு போட்டீங்க."

திரும்ப மேலே தள்ளித் தேட வேண்டியிருந்தது.

"அப்பா, இங்க கடையில பில் போட்டுட்டு 'ஹேவ் எ நைஸ் டே' சொல்லுவாங்கல்ல, உங்க ஜெபிக்கிறேனும் அது மாதிரிதான். சொல்றவங்களுக்கும் ஞாபகம் இருக்காது, கேக்கறவங்களும் எதிர்பாக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திருப்பிச் சொல்ல எனக்கு நூறு பதில் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது என்று மட்டும் பிறகுதான் தெரிந்தது. கேட்பவர்கள் எதிர்பார்க்கத்தான் செய்கிறார்கள்.

3

போன மார்ச்சில், முதல் வெள்ளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கராஜ் அத்தான் கூப்பிட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஜெனி பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ மாப்ளே, நல்லாருக்கீரா?"

"இருக்கேன் அத்தான். நீங்க?"

"எனக்கென்ன. ஒங்க அக்காதான் காலைத் தரையில ஊன முடியாமக் கெடக்கா. நாலு மாசமா ஒம்ம ஷிஃப்டையும் சேத்துல்லா பாக்கா அவ!"

"என்ன அத்தான் சொல்லுதீங்க? நான் ஒரு மாசம்கூட விட்டதில்லையே."

"நீரு விடல, நீரு வரவே இல்ல. டிசம்பர்ல இருந்து அவ ரெண்டு மணிக்கு அடிக்கா, அது பாட்டுக்கு அடிச்சு ஓயுது. மறுபடி முட்டங்கால் போடுதா. ரெண்டரைக்குத்தான் எந்திரிக்கா. அயர்லாந்துப் பிள்ளைக்கும் அவளே அடிச்சு விடுதா. நான் கேட்டா, 'அவன் வண்டியில இருப்பான், போனை எடுக்கக் கூடாது, நீங்க சும்மா இருங்க'ங்கா. எத்தன நாளு சும்மா இருக்கது? மில்லா இருந்தா ஒம்ம மேல ரிப்போர்ட் எழுதிருப்பேன்வே!"

கையில் மீனோடு நின்று கணக்குப் போட்டேன். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊரில் தள்ளுவதில்லை. அதனால் குளிர்காலம் முழுக்க ஊரின் இரண்டு மணி எனக்கு மூன்றரைக்கே வந்துவிடும். மூன்றரைக்கு நான் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பேன், போன் பைக்குள் கிடக்கும். ஷிஃப்ட் முடிந்து எடுத்துப் பார்க்கும்போது அக்காவின் மிஸ்டு கால் நிற்கும். "அக்கா வீட்டுக் கடிகாரம் முந்தி ஓடுது போல" என்று சிரித்துக்கொள்வேன். பிறகு என் நாலரைக்கு நிதானமாக உட்கார்வேன். அங்கே அப்போது மூன்று மணி. என் நேரமும் முடிந்து, பிரிசில்லாவின் நேரமும் முடிந்திருக்கும். அவளுக்கும் அங்கே கடிகாரம் மாறத்தான் செய்கிறது. அவள் சரியாக வந்திருக்கிறாள்.

நான் பஸ் டிரைவர். நிமிஷம் பிசகினால் கேள்வி கேட்கும் வேலை. கடிகாரம் மாறிய அன்றைக்கே பஸ் நேரத்தை மாற்றிக்கொண்டேன், அலாரத்தை மாற்றிக்கொண்டேன், கிரிக்கெட் எத்தனை மணிக்கு என்பதைக்கூட மாற்றிக்கொண்டேன். ஜெப நேரத்தை மட்டும் மாற்றவில்லை. நாலு மாதம் நான் யாரிடமிருந்தும் வாங்காமல், யாருக்கும் கொடுக்காமல், அந்தரத்தில் ஜெபித்திருக்கிறேன். அதுவும் ஸ்கோர் பார்த்துக்கொண்டே.

அத்தான் போனை வைத்ததும் ஜெனி கேட்டாள், "அத்தை ஏன் எந்திரிச்சுப் போகலை? அவங்க டைம் முடிஞ்சிருச்சுல்ல?"

மில் சட்டத்தைச் சொன்னேன். இழை, சங்கு, தோளைத் தொடுவது, மிஸ்டு கால், வெட்டுவது, எல்லாம்.

"அப்ப நீங்க பண்ண தப்புக்கு அத்தைக்கு முட்டி வலியா?"

"ஆமா."

"நீங்க சாரி சொல்லணும்" என்றாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அந்த மனுசனுக்கு வாய் சும்மா இருக்காது. நீ வெசனப்படாத தம்பி" என்றாள். பிறகு பைய, யாருக்கோ சீட்டு ஒதுக்குவது மாதிரி சொன்னாள், "ஒனக்கு வேல சோலி இருக்கும். ஒம் பேர எடுத்துருதேன், என்ன? பெஞ்சமின் மருமவ கேட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்குக் குடுத்துருதேன்."

ஊரில் எனக்கு நிலம் கிடையாது, வீடு கிடையாது. கோவில் பெஞ்சில் என் இடத்தில் இப்போது வேறு யாரோ உட்காருவார்கள். ஊரோடு எனக்கு இருந்தது அந்த அரை மணி நேரம்தான். நான் இல்லாவிட்டால் ஒரு ஆள் குறையும் என்கிற ஒரே இடம் அது. இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல வரவில்லை. "எடுக்காத அக்கா. ஒரு குளிர்காலம் குடு" என்றேன்.

"சரி. இன்னொரு தடவ அடிச்சு நீ வெட்டலன்னா எடுத்துருவேன்லே. ஒம் மேல கோவம் இல்ல. சங்கிலி நிக்கணும்லா" என்றாள்.

4

அன்றிலிருந்து எனக்கு நானே சில ஒழுங்குகளைப் போட்டுக்கொண்டேன். இதை உபதேசமாக எழுதவில்லை. செய்து பார்த்தேன், நிற்கிறது, அதனால் சொல்கிறேன்.

முதலாவது, "ஜெபிக்கிறேன்" என்று எழுதுவதற்கு முன்னால் ஜெபித்துவிட வேண்டும். எழுதிவிட்டுச் செய்யலாம் என்றால் நடக்காது. ஒரு குறிப்பு வந்தால் அந்த இடத்திலேயே கண்ணை மூடுவேன், அரை நிமிஷமானாலும் சரி. நேரம் இல்லையென்றால் எழுதுவதில்லை. இப்படிச் செய்ததில் என் கைகள் மளமளவென்று குறைந்துபோயின. ஒரே வாரத்தில் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. செல்வின் என்று ஒரு பழைய கூட்டாளி, பாளையங்கோட்டையில் கோர்ட்டில் குமாஸ்தா, தனியாகக் கூப்பிட்டான்.

"என்னவே, நாலு நாளா கையக் காணோம்? எங்க மேல எதும் வருத்தமா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அடப் பாவி! அப்ப இதுவரைக்கும் போட்ட கையெல்லாம் வெறுங்கையாவே?"

அவன் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தபோது, குழுவில் போடாமல் எனக்கு மட்டும் சொன்னான். "நீரு போட்டா நெசமாப் பண்ணுவீருலா" என்றான்.

இரண்டாவது, அக்கா நேரப் பட்டியலோடு அனுப்பும் ஜெபக் குறிப்பை, யாருக்கு என்ன தேவை என்கிற அந்தப் பெயர் வரிசையை, காகிதத்தில் கையால் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பேன். எழுதும்போதே பாதி மனப்பாடமாகிவிடும். வெள்ளிக்கிழமை வந்தால் வாசிக்கப் போனைத் திறக்க வேண்டாம்.

போனைத் தூக்கி எறிந்துவிட்டால் விசுவாசம் வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்காவின் தோள் தொடுகை எனக்குப் போன் வழியாகத்தான் வருகிறது. போன் ஒரு வாசல். வாசல் வழியாக யார் வரலாம் என்பது வீட்டுக்காரன் கையில் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது ஜெபிப்பேன் என்று பதினேழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. குறித்து வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் இப்போது குறித்து வைக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

5

குளிர்காலத்து மூன்றரை மணியை என்ன செய்வது? செப்டம்பரிலேயே டிப்போவில் கேட்டேன். ஒரு படிவம் தந்தார்கள், மூன்று பக்கம். உங்கள் மதம் என்ன, அதில் எந்தப் புனித நாளுக்காக இந்த மாற்றம் கேட்கிறீர்கள், அந்த நாள் வருஷத்தில் எத்தனை முறை வரும், மதத் தலைவரின் கடிதம் இணைக்கப்பட்டிருக்கிறதா? புனித நாள் என்ற கட்டத்தில் "மூன்றரையிலிருந்து நாலு மணி" என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடிதத்துக்கு ஊர் ஐயரைக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பாளையங்கோட்டையில் படித்த அழகான இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதி, சபை முத்திரையை மூன்று இடத்தில் குத்தி அனுப்பினார். மொத்தக் கடிதத்திலும் நேரம் என்ன என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

கடைசியில் மேற்பார்வையாளர் டெனிஸ் என்னை உட்காரவைத்துக் கேட்டாள். அறுபதை நெருங்கும் அம்மா, பஸ் ஓட்டி மேலே வந்தவள். "நீயே சொல், என்னதான் வேண்டும் உனக்கு?"

பதற்றத்தில் இங்கிலீஷ் கவிழ்ந்துவிட்டது. என் அக்கா முழங்காலில் நிற்கிறாள், நான் போனை வெட்டாவிட்டால் அவள் எழுந்திருக்க முடியாது என்று சொன்னேன். டெனிஸ் பயந்துபோய், போலீஸைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, மில், மிஷின், மாற்று ஆள் என்று முதலிலிருந்து சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ரிலீஃப்!" என்றாள். "மாற்று டிரைவர் வராமல் நாம் சீட்டை விட்டு இறங்குவோமா? உன் அக்கா சீட்டில் இருக்கிறாள். ரிலீஃப் நீ. இதற்கா மூன்று பக்கம் எழுதினாய்?"

நவம்பரிலிருந்து மார்ச் வரை முதல் வெள்ளிகளில் மூன்றே கால் மணிக்கு எனக்கு மாற்று டிரைவர் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கும்பிடு போட்டேன், உண்மையான கையால்.

6

டிசம்பர் முதல் வெள்ளி. காலையிலிருந்தே பனி. வண்டிமேல் கிடந்த பனியைச் சுரண்டும் அவசரத்தில் கிளம்பினேன். மூன்றே காலுக்கு பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு, காரில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டால் போன் இல்லை. சமையலறை மேஜையில், சார்ஜரில் கிடக்கிறது. கண்ணுக்குள் தெரிந்தது.

வீட்டுக்குப் போக நல்ல நாளிலேயே நாற்பது நிமிஷம். அக்காவைக் கூப்பிடலாமென்றால், வீட்டு ஆட்களின் எண்ணைப் போலவே அவள் எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை. என் எண் அவளுக்கு மனப்பாடம், நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். டெனிஸின் மேஜைப் போனிலிருந்து என் எண்ணுக்கே அடித்தேன். அடித்து ஓய்ந்தது. லீலா முதியோர் இல்லத்தில் வேலையில் இருப்பாள். ஜெனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கமாட்டாள், வந்தாலும் என் போனைத் தொடமாட்டாள்.

மூன்றரை ஆயிற்று. டிப்போ ஓய்வறையின் மூலையில் உட்கார்ந்தேன். ஒழுங்காக ஜெபித்தேன், பெயர்களெல்லாம் மனசில் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் அக்காவின் முழங்கால் வந்து நின்றது. அவள் அடித்திருப்பாள். ஓய்ந்திருக்கும். மறுபடி மண்டியிட்டிருப்பாள். இத்தனை படிவம், இத்தனை முத்திரை, ஒரு சார்ஜரில் போயிற்று. நாலு மணிக்கு மறுபடி என் எண்ணுக்கு அடித்தேன். இந்த முறை இரண்டு தடவை மணி அடித்ததும் யாரோ வெட்டிவிட்டார்கள். மறுபடி அடித்தேன். மறுபடி வெட்டினார்கள்.

பனியில் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேரும்போது ஐந்தே கால். வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன். "எடுத்துரு அக்கா, நீ சொன்னதுதான் சரி" என்று தொடங்க வேண்டும்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜெனி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பை காலடியில் கிடந்தது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்தெடுத்த என் காகிதம் கையில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. என் போன் மேஜையில் குப்புறக் கிடந்தது. அவளுடைய போன் கண்ணிலேயே படவில்லை.

"ஜெனி?"

விரலைத் தூக்கி, இரு என்றாள். கையிலிருந்த பெயரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அத்தை அடிச்சாங்க. நான் அப்பதான் உள்ள வந்தேன். வெட்டிட்டேன். வெட்டணும்ல?"

"ஆமா."

"அப்புறம் ஏதோ தெரியாத நம்பர் ரெண்டு தடவை. டிஸ்டர்ப் பண்ணிச்சு, அதையும் வெட்டிட்டேன்."

"அது நான்தான்டி."

"ஓ, சாரி." காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். "இந்தப் பொன்னுத்துரை தாத்தாவுக்குக் கண்ணா, காலா? உங்க எழுத்து புரியல. ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

"கண்ணு" என்றேன். "ஜெபம் பண்ணுனியாடி?"

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. எனக்கு அதெல்லாம் தெரியாது. பேரை வாசிச்சேன், ஒவ்வொருத்தரா, மெதுவா. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. பதினொரு தடவை." காகிதத்தின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அத்தை முட்டி வலியோட இருக்கக் கூடாது. அதுக்காகத்தான்."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம். பிரிசில்லா நாலு மணிக்கே தானாகத் தொடங்கி, தன் நேரத்தை முடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்திருப்பாள். சங்கிலி எங்கோ முன்னால் போய்விட்டது. அது இவளுக்குத் தெரியாது.

"அரை மணி நேரம்தானே, ஜெனி. நாலு மணிக்கே எந்திரிச்சிருக்கலாமே."

நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டதைப் போல என்னைப் பார்த்தாள்.

"உங்க போன் லாக்ல இருக்கு. அடுத்து யாருக்கு அடிக்கணும்னு எனக்குத் தெரியாது. ஆள் வரலையேப்பா, எப்படி விட்டுட்டுப் போறது?"

அவளுக்குப் பின்னால் போய் நின்று, தோளைத் தொட்டேன்.

காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பொன்னுத்துரை தாத்தாவின் கண்ணிலிருந்து தொடங்கினேன்.